தலை எந்தப் பக்கம்

வில்மா சுபான்சிச் தேர்தலில் நிற்கவே இல்லை. ஆனாலும் ஜெயித்துவிட்டாள்.

பிட்ஸ்பர்க் புறநகரான பிரையர் கிரீக்கில் பள்ளிகளை நடத்துவது ஒன்பது பேர் கொண்ட வாரியம். அந்த வருஷம் ஒரு நாற்காலிக்கு யாருமே மனுப் போடவில்லை. பல் டாக்டர் ஒருவரிடம் வரவேற்பாளராக இருந்த வில்மா, தீயணைப்பு மண்டபத்து பிங்கோ ஆட்டத்தில், "ஆரம்பப் பள்ளி நூலகத்துல பிள்ளைங்க குடை பிடிச்சுக்கிட்டுப் படிக்குதுங்க, கேக்க நாதியில்ல!" என்று கத்தியிருந்தாள். அதைக் கேட்டவர்கள் விளையாட்டாக அவள் பெயரை வாக்குச் சீட்டின் வெற்று வரியில் எழுதிப் போட்டார்கள். எதிரே ஆளில்லாததால் அதுவே போதுமானதாகிவிட்டது.

வாரியம் நாலுக்கு நாலாகப் பிரிந்து கிடந்தது. நூலகத்தின் ஒழுகும் கூரையை மாற்றலாம் என்றார்கள் நாலு பேர். அதை ஆராய முதலில் ஒரு குழு வேண்டும் என்றார்கள் மற்ற நாலு பேர். குழுவில் யாரைப் போடுவது என்பதிலும் நாலுக்கு நாலு. போன கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை ஏற்பதிலும் அப்படியே ஆனதால், வாரியத்தைப் பொறுத்தவரை போன கூட்டம் நடக்கவே இல்லை.

புதிதாக வந்தவள் எந்தப் பக்கம் கை தூக்குவாள் என்பதில், குழு கேட்ட நாலு பேரில் ஒருவரான தலைவர் கோர்டன் பெட்டிபோனுக்குச் சந்தேகமே இல்லை. அவர் சவ அடக்க நிலையம் வைத்திருந்தார். எதைச் சொன்னாலும் துக்கம் விசாரிக்கிற குரலில்தான் சொல்வார்.

"வில்மா, ரொம்ப வருத்தமா இருக்கு. உன் வீடு எல்லைக் கோட்டு மேல நிக்குதாமே. வாசல் நம்ம பக்கம், பின்கட்டு கென்ஷா பள்ளி மாவட்டமாம்."

"முப்பது வருஷமா இங்கதானே ஓட்டுப் போடறேன்!"

"ஓட்டு வேற, பதவி வேற" என்றார் வாரியத்தின் வக்கீல். "எங்க தூங்கறீங்களோ அதுதான் வீடு."

அடுத்த சனிக்கிழமை பகலில் பெட்டிபோன், வக்கீல், நில அளவையாளர் மூவரும் வில்மாவின் படுக்கையறையில் நின்றார்கள். அளவையாளர் நூல் பிடித்தார். கோடு கட்டிலின் குறுக்கே போனது. தலையணைகள் கென்ஷாவில், கால்மாடு பிரையர் கிரீக்கில். கணவன் லூ கதவோரம் காபிக் கோப்பையோடு நின்று, "குளியலறை எந்த மாவட்டம்னும் சொல்லிட்டா நல்லாருக்கும்" என்றான்.

வக்கீல் தொண்டையைச் செருமினார். "ஒரு ஆளுன்னா தலைதான் கணக்கு."

"அவ்வளவுதானே?" வில்மா தன் தலையணையை எடுத்துக் கால்மாட்டில் வீசினாள். "இனி தலை இங்க."

"இதெல்லாம் செல்லாதும்மா. பழக்கமாத் தூங்கற இடமா இருக்கணும்" என்றார் பெட்டிபோன்.

"பழகிக்கறேன்."

அவளை நீக்கும் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தது. தன் விஷயத்தில் அவள் வாக்களிக்கக் கூடாது என்பதால் மறுபடியும் நாலுக்கு நாலு. சமமானால் தீர்மானம் தோற்றதாக அர்த்தம் என்று வக்கீலே சொல்லவேண்டி வந்தது. வில்மா உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை. அடுத்து வந்த கூரைத் தீர்மானத்துக்குக் கை தூக்கினாள். ஐந்துக்கு நாலு. கூரை ஜெயித்தது.

வீட்டில்தான் நிலைமை மோசம். "கல்யாணமான நாள்லேர்ந்து உன் குறட்டை. இப்ப மூக்குக்கு நேரா உன் காலு" என்று லூ புலம்பினான். அந்தச் சமயம் கென்ஷா வாரியத்தில் ஒருவர் ஃப்ளோரிடாவுக்குக் குடிபோய்விட, அவர்கள் லூவைத் தேடி வந்தார்கள். "உங்க தலை எங்க பக்கம்தானே சார்?"

"நீ போய் என்னத்தப் பண்ணப் போற?" என்று கேட்டாள் வில்மா.

"உன் காலுக்கு ஒரு பதில் வேணாமா?" என்று சொல்லிப் பதவியை ஏற்றான்.

இரண்டு மாவட்டத்துப் பள்ளிப் பேருந்துகளும் அந்தத் தெருவில் ஒன்றன்பின் ஒன்றாகக் காலியாக ஓடின. ஒரே பேருந்து போதும் என்று இருவருக்கும் தெரியும். ஆனால் வாரிய விஷயத்தைப் பொதுமக்கள் முன்னால்தான் பேசலாம், மூடிய கதவுக்குள் பேசக் கூடாது என்று வக்கீல் சாப்பாட்டு மேசைக்கும் தடை போட்டுவிட்டார். இருவரும் சில வாரங்கள் வானிலையைப் பற்றி மட்டும் பேசிச் சாப்பிட்டார்கள்.

வில்மாவுக்குப் பொறுக்கவில்லை. 'வியாழக்கிழமை இரவுச் சாப்பாடு, பொதுமக்கள் வரலாம்' என்று வாசலில் அறிவிப்பு ஒட்டினாள். மடக்கு நாற்காலிகளோடு தெருவே சமையலறைக்குள் வந்துவிட்டது. அவள் வெங்காயம் வதக்கிப் போட்ட பியரோகிக் கொழுக்கட்டையைப் பரிமாறிக்கொண்டே பேசினாள். லூ மென்றுகொண்டே மறுத்தான். ஒற்றைப்படை மாதம் உங்கள் பேருந்து, இரட்டைப்படை மாதம் எங்களது என்று இரண்டாவது தட்டில் முடிவானது. இரண்டு வாரியங்களும் பின்னால் அதை அப்படியே ஏற்றுக்கொண்டன.

பின்வரிசையில் பெட்டிபோன் கை தூக்கினார்.

"பொதுமக்களுக்கு மூணு நிமிஷம்" என்றாள் வில்மா. "எழுந்து நின்னு பேரு, விலாசம் சொல்லுங்க."

அவர் தட்டோடு எழுந்தார். பெயரைச் சொன்னார், விலாசத்தைச் சொன்னார். பிறகு அதே துக்கக் குரலில், "வெங்காயம் இன்னும் கொஞ்சம் கெடைக்குமா?" என்றார்.