அப்பா பெயரில் ஒரு சாவி

லண்டனில் காலையில் அலுவலகத்துக்குள் நுழைந்ததும், என்னைவிட இளையவன் ஒருவன், "குட் மார்னிங், கருப்பையா" என்கிறான். கருப்பையா என் அப்பா. எங்கள் ஊர் குஜிலியம்பாறையில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் உரிமை சில பெரியவர்களுக்குத்தான் உண்டு. என் அம்மா அந்தப் பெயரை இன்றுவரை வாயால் சொன்னதில்லை; ரேஷன் கடையில் கேட்டால் பக்கத்தில் நிற்பவரைச் சொல்லச் சொல்வாள். நான் க. முருகேசன்; அந்த 'க'வை விரித்து இங்கே என் குடும்பப் பெயராக்கிவிட்டார்கள். இதை விளக்கி விளக்கி வாய் வலித்துவிட்டது.

ஆர்.பி.ஜி. மொழியில் கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதுவது என் வேலை. துளையிட்ட அட்டைகளாக இரண்டு கோப்புகள் வந்தன. ஒன்றில் கம்பெனி ஊழியர்கள், மற்றதில் குடும்பத்தை அழைத்துக்கொள்ள வீடு கேட்டவர்கள். இரண்டையும் அகரவரிசையில் அடுக்கி இயந்திரத்தில் விட்டால், குடும்பப் பெயரை ஒவ்வொன்றாக ஒப்பிடும். பொருந்தியவருக்கு வீடு. பொருந்தாதவர் தனித்தாளில் அச்சாகி வெளியே விழுவார். ஊழியர் எண்ணை வைத்து ஒப்பிடலாமே என்றேன். வீடு ஒதுக்கும் பிரிவில் எண்ணே வாங்கவில்லையாம்.

முதல் ஓட்டத்திலேயே நான் வெளியே விழுந்தேன். ஊழியர் கோப்பில் நான் கருப்பையா. வீட்டுப் பிரிவுப் பெண்மணியோ, "உங்களை எப்படிக் கூப்பிடுவார்கள்?" என்று கேட்டிருந்தாள். முருகேசன் என்றேன். அதையே குடும்பப் பெயராக அடித்துவிட்டாள். நான் எழுதிய புரோகிராமுக்கே என்னைத் தெரியவில்லை. திண்டுக்கல்லில் ரயிலேற்றும்போது அப்பா, "வீடு ஒண்ணு பாத்துட்டுச் சீக்கிரம் செல்விய வரச்சொல்லுப்பு, ஒத்தையில கெடக்காத" என்றிருந்தார். என் மனைவி செல்வி அங்கே பெட்டி கட்டிவைத்துக் காத்திருந்தாள்.

"இதில் எது நீ?" என்றார் மேலதிகாரி.

"இரண்டும்தான். எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது."

அவர் என்னை அநாதை என்று நினைத்திருக்க வேண்டும். முதுகைத் தட்டி டீ வாங்கிக் கொடுத்தார்.

சம்பளம் கருப்பையா பெயரில் போவதால் ஊழியர் கோப்பை மாற்ற முடியாது என்றார்கள். வீட்டு அட்டையையே கருப்பையா என்று புதிதாகத் துளையிட்டேன். இயந்திரம் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. செல்வியும் வந்து சேர்ந்தாள்.

சாவி வாங்கப் போனோம். அந்தப் பெண்மணி சிரித்த முகத்தோடு எழுந்து, "வெல்கம், மிஸஸ் கருப்பையா" என்று சாவியைச் செல்வியிடம் நீட்டினாள். செல்வி கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"வாங்கிக்க," என்றேன்.

"மாமா பேரச் சொல்லி, அவுக சம்சாரம்ங்குறா. நீங்களும் பாத்துக்கிட்டு நிக்கிறீக. அத்த காதுல விழுந்தா என்னாகும்? நா கை நீட்ட மாட்டேன்."

எங்களுக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்தாளோ என்னவோ, அந்தப் பெண்மணி இன்னும் உரக்கக் கூப்பிட்டாள். அந்தப் பெயருக்குரிய சம்சாரமான என் அம்மா அந்நேரம் குஜிலியம்பாறையில் நிலக்கடலை ஆய்ந்துகொண்டிருந்திருப்பாள். இங்கே சாவி அந்தப் பெண்மணியின் விரலில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை வாங்க எங்கள் இருவருக்குமே கை வரவில்லை.