முத்து வியாபாரியின் வீட்டைச் சுற்றிக் காட்டிய கதை

பத்து வயதில் நான் முப்பது வெள்ளைக்காரர்களிடம் ஒரு பொய்யைச் சொல்லி, அவர்களைக் கைதட்ட வைத்தேன். பொய் என்று தெரியாமல்தான் சொன்னேன். மாமாவுக்குத் தெரியும். அவர் திருத்தவில்லை.

மாமா என்றால் உம்மாவின் தம்பி. தொண்ணூறுகளில் துபாயில் சுற்றுலா பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். தங்கியிருந்தது சோனாப்பூர் தொழிலாளர் கேம்பில். லீவு நாளில் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு தேராவிலிருந்த எங்கள் ஃபிளாட்டுக்குச் சாப்பிட வருவார். குளிர்காலத்தில் பெரிய உல்லாசக் கப்பல்கள் வந்து ஒரு பகல் நிற்கும். இறங்கும் பயணிகளுக்கு ஊரைச் சுற்றிக் காட்டி, கப்பல் கிளம்புவதற்குள் திரும்பக் கொண்டுபோய் விடுவதுதான் மாமாவின் டியூட்டி. எனக்குக் கப்பலைப் பக்கத்தில் பார்க்க வேண்டும். வாரக்கணக்கில் நச்சரித்ததில், பள்ளி விடுமுறையான ஒரு வியாழக்கிழமை என்னை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டார். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

பயணிகளுக்கு வழிகாட்டியாக ஒரு கோவாக்காரப் பெண் வந்திருந்தார். மாமா அவரை மேடம் என்பார். தங்கக் கடைத்தெருவில் இறங்கி ஏறியபோது ஒரு கிழத்தம்பதியைக் காணவில்லை. அவர்களைத் தேடப் போன மேடம், மற்றவர்களை அடுத்த இடத்துக்குக் கூட்டிப்போய் நிழலில் உட்கார வைக்கும்படி மாமாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த இடம், பழங்காலத்து முத்து வியாபாரி ஒருவரின் வீடு. அரசாங்கம் அதைப் பழுது பார்த்துக் காட்சிக்கு வைத்திருந்தது. பவளக்கல் சுவர், நடுவில் முற்றம், மேலே சதுரமாக ஒரு காற்றுக் கோபுரம். வந்தவர்கள் நிழலில் உட்காரவில்லை. தொப்பியும் கேமராவுமாக மாமாவைச் சுற்றி நின்றுகொண்டு அவர் முகத்தையே பார்த்தார்கள். மேடம் சொல்வதைக் குளிர்காலம் முழுக்கக் கேட்டுக் கேட்டு மாமாவுக்கு எல்லாம் மனப்பாடம். ஆனால் அவர் வாயில் வரும் இங்கிலீஷ் ‘நோ ப்ராப்ளம்’, ‘ஃபைவ் மினிட்ஸ்’ என்ற இரண்டோடு முடிந்துவிடும்.

குனிந்து என் காதில் சொன்னார்: “மருமவளே, நான் தமிழ்ல சொல்றேன், நீ இங்கிலீஷ்ல எடுத்து விடு. ரெண்டு பேரும் சேந்தா ஒரு மேடம் ஆயிடலாம்.”

ஆனோம். கோபுரத்துக்கு அடியில் அவர்களை நிற்க வைத்துக் காற்று வாங்கச் சொன்னோம். யாரும் உள்ளே போகாதபடி கயிறு கட்டியிருந்த வரவேற்பறையில், சிவப்பு மெத்தைகளையும் முத்து நிறுக்கும் தராசையும் காட்டினோம். உலகத்திலேயே நல்ல முத்து தமிழ்நாட்டில் எங்கள் ஊர்க் கடலில்தான் விளைந்தது என்று மாமா தன் கணக்கில் ஒன்றைச் சேர்த்துக்கொண்டார். அதையும் நான் இங்கிலீஷில் எடுத்து விட்டேன். ஒரு தாத்தா அதை நோட்டில் எழுதிக்கொண்டார்.

முற்றத்தின் பின்மூலையில் குனிந்து போகிற அளவுக்குக் குட்டையான ஒரு கதவு பூட்டியிருந்தது. மேடம் அந்தப் பக்கமே போகமாட்டாராம். தொப்பி வைத்த ஒரு அம்மாள், அங்கே யார் இருந்தார்கள் என்று கேட்டார். அந்த வீட்டின் காவலாளி, ஆப்பிரிக்கச் சாயலுள்ள உயரமான முதியவர், கந்தூரா என்கிற வெள்ளை அரபு அங்கி அணிந்தவர், தானே வந்து கதவைத் திறந்தார். ஜன்னலே இல்லாத அறை. தரை மண். அவர் மாமாவிடம் எனக்குக் கேட்காத தணிந்த குரலில் இந்தியில் பேசத் தொடங்கினார். மாமா கையைக் கட்டிக்கொண்டு ரொம்ப நேரம் கேட்டார்.

“என்ன மாமா சொல்றாரு?”

மாமா சற்று யோசித்தார். “இவரு இங்கதான் பொறந்தாராம். அதை மட்டும் சொல்லு.”

அது எனக்குப் போதவில்லை. அதுவரை சொன்னதெல்லாம் எப்போதோ வாழ்ந்து போனவர்களைப் பற்றியது. இப்போதுதான் ஒரு ஆள் கண்முன்னே நிற்கிறார். இது இவருடைய வீடு, இந்த வீட்டு முத்து வியாபாரியின் குடும்பத்துப் பிள்ளை இவர்தான் என்று உரக்க அறிவித்தேன்.

கைதட்டல் முற்றத்தை நிறைத்தது. தொப்பி அம்மாள் அவர் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினார். யாரோ கயிற்றை அவிழ்த்தார்கள். வரவேற்பறையின் நடு மெத்தையில் அவரை உட்கார வைத்து, இரண்டு பக்கமும் மாறி மாறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். அவர் முதலில் மறுத்தார். பிறகு தலைத்துணியைச் சரி செய்துகொண்டு, முதுகை நிமிர்த்தி, கேமராவை நேராகப் பார்த்தார்.

அந்த நேரத்தில்தான் காணாமல் போன தம்பதியோடு மேடம் உள்ளே வந்தார். மெத்தையில் யாருமே உட்காரக் கூடாது. பயணிகளிடம் டிரைவர் பேசவும் கூடாது. கம்பெனிக்குத் தெரிந்தால் மாமாவின் வேலை கலாஸ், ஊருக்கு டிக்கெட்தான். மேடம் இந்தியில் சீறினார்: யார் இவரை இங்கே உட்கார வைத்தது? மாமா தரையைப் பார்த்தார்.

“நானாகத்தான் உட்கார்ந்தேன்” என்றார் முதியவர், எழுந்திருக்காமலே.

மேடம் அவரைப் பார்த்தார். வரவேற்பறை வாசலில் நின்ற மாமாவைப் பார்த்தார். “யல்லா, கிளம்புங்க, கப்பலுக்கு நேரமாச்சு” என்றார். கம்பெனியில் அவர் எதுவும் சொல்லவில்லை.

என் கல்யாணத்துக்கு வந்திருந்தபோதுதான் மாமா மிச்சத்தைச் சொன்னார். அந்த முதியவரின் உம்மாவைச் சின்னப் பிள்ளையாக ஏதோ கரையிலிருந்து தோணியில் கொண்டுவந்து அந்த வீட்டுக்கு விற்றார்களாம். அந்த மண்தரை அறையில்தான் அவரைப் பெற்றாளாம்.

“பத்து வயசுப் புள்ளகிட்ட, மனுசரை வித்த கதையை எப்படிச் சொல்றது? பொறந்தாருன்னு மட்டும் சொன்னேன். மீதியை நீயே சேத்துக்கிட்ட.”

“நான் சொன்னது தப்புன்னு அப்பவே புரிஞ்சுதுல்ல? ஏன் மாமா திருத்தல?”

“அவரு உக்காந்திருந்ததை நீ பாத்தேல்ல? எந்திரிங்கன்னு எப்படிம்மா சொல்றது?”

பார்த்தேன். அன்றைக்கு எல்லோரும் பஸ்ஸுக்குப் போன பிறகு, மாமா கையைப் பிடித்துக்கொண்டு நான் திரும்பிப் பார்த்தேன். முதியவர் மெத்தையிலிருந்து எழுந்தார். தான் உட்கார்ந்த இடத்தின் பள்ளம் தெரியாதபடி இரண்டு கைகளாலும் தடவிச் சமன் செய்தார். தள்ளி நின்று பார்த்துவிட்டு, மறுபடி குனிந்து தடவினார். கயிற்றைப் பழையபடி கட்டினார்.

சொந்த வீட்டை மனுஷர் எவ்வளவு நேர்த்தியாக வைத்துக்கொள்கிறார் என்று நினைத்துக்கொண்டே நான் பஸ்ஸில் ஏறினேன்.