அடுப்பைத் தூக்கினால் புகை போய்விடுமா?

கொல்கத்தாவின் டாக்குரியாவில் எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே, நடைபாதையில் மிது தீதியின் டீக்கடை. தீதி என்றால் அக்கா. நிலக்கரி அடுப்பு. காலையில் மூட்டினால் புகை நேராக எங்கள் முதல் மாடிக்குத்தான் வரும். என் மனைவி வசந்திக்கோ ஆஸ்துமா. குளிர்காலத்தில் இன்ஹேலரும் கையுமாகத்தான் இருப்பாள்.

சமீபத்தில் வார்டு ஆபீஸ் ஆட்கள் வந்தார்கள். நிலக்கரிக்குத் தடையாம். அடுப்பைத் தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். அப்பாடா என்றிருந்தது எனக்கு.

அந்த நிம்மதி ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. மிது தீதி செங்கல் அடுக்கி, உடைந்த மரப்பெட்டிகளை எரித்து டீ போட ஆரம்பித்தார். பெயிண்ட் அடித்த பலகைகள்... முன்பைவிட மோசமான புகை! ஒரு காலை வசந்திக்கு மூச்சு இழுத்து, ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

திரும்பி வந்ததும் அவள் மாடி ஏறவில்லை. நேரே டீக்கடைக்குப் போனாள். சண்டைதான் என்று நினைத்தேன்.

"கேஸ் வாங்கக் கூடாதா, தீதி?" என்று வங்காள மொழியில் கேட்டாள். மிது தீதிக்கு அவள் எப்போதும் 'பௌதி', அதாவது அண்ணி.

"யாரு குடுக்கறா பௌதி? அட்ரஸ் கேக்கறாங்க. நடைபாதைக்கு ஏது அட்ரஸ்? இங்க அடுப்பு அணைஞ்சா என் வீட்டுலயும் அணைஞ்சுடும்."

மறுநாள் வசந்தி என்னையும் இழுத்துக்கொண்டு கவுன்சிலரைப் பார்க்கப் போனாள். அவர் அலுத்துக்கொண்டார். "நோட்டீஸ் குடுத்தாச்சு, ஃபைன் போட்டாச்சு, அடுப்பையும் எடுத்தாச்சு. இன்னும் என்னதான் பண்றது மேடம்?"

"முதல்ல அவங்களுக்கு கேஸ் கிடைக்க வழி பண்ணுங்க. அப்புறமும் புகை வந்தா ஃபைன் போடுங்க. நானே வந்து சாட்சி சொல்றேன்" என்றாள் வசந்தி, மூச்சு வாங்கிக்கொண்டே.

புகையில் அவதிப்படுகிறவளே இப்படிச் சொன்னதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

வார்டு ஆபீஸே அட்ரஸுக்குப் பொறுப்பேற்று, தெருவிலிருந்த கடைகளுக்கெல்லாம் கேஸ் இணைப்பு வாங்கித் தந்தது. நிலக்கரி அடுப்பு வைத்திருப்பவர்கள் அதை ஒப்படைத்துவிட வேண்டும். ஒரே ஒரு கச்சோரிக் கடைக்காரர் மட்டும் விடாப்பிடியாக நிலக்கரியிலேயே இருந்தார். அவருக்கு ஃபைன் விழுந்தபோது தெருவில் ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை.

தடை, அபராதம், உதவி — எல்லாமே வார்டு ஆபீஸ் கையில் முன்பே இருந்தவைதானே? எதை முதலில் எடுப்பது என்பதில் அல்லவா இருக்கிறது விஷயம்! வேறு வழியில்லாதவரைத் தடுத்தால், புகை இன்னும் கறுப்பாகத் திரும்பி வருகிறது. வழியைக் காட்டிவிட்டுத் தடுத்தால், அபராதம்கூட நியாயமாகத் தெரிகிறது.

இப்போது தெருவில் கொசுத்தொல்லை. வசந்தி மறுபடியும் வெளியே கிளம்பிக்கொண்டிருக்கிறாள்... கவுன்சிலருக்கு என் அனுதாபங்கள்!