ஓடையில் விட்ட எலுமிச்சை

தொண்ணூறுகளின் கடைசியில், திண்டுக்கல்லில் நான் செய்தி எழுதிக்கொண்டிருந்த பத்திரிகையை நிறுத்திவிட்டார்கள். ஒரு சிறு தொண்டு நிறுவனத்தில் தண்ணீர் அளக்கும் வேலை கிடைத்தது. வாரம் ஒருமுறை நிலக்கோட்டை பஸ்ஸில் போய், ஒரு கல் குவாரிக்குக் கீழே ஓடையோரம் இறங்குவேன். பேச ஆள் இருக்காது. வெடி வைக்குமுன் விசில் கேட்கும், பிறகு நிலம் அதிரும்.

குவாரிக் குழியில் ஊறும் தண்ணீரை மோட்டார் வைத்து ஓடையில் விட்டார்கள். கல்மாவு கலந்து, அரிசி கழுவிய நிறத்தில் வரும். கீழே ஒரு அக்காவின் மல்லிகைத் தோட்டம். கணவர் இல்லை. பூவை நம்பித்தான் குடும்பம். செடி கருகுகிறது என்று அவர் மனுக் கொடுத்திருந்தார். எவ்வளவு தண்ணீர் வருகிறது, அதில் என்ன கலந்திருக்கிறது என்று காட்டினால்தான் மனு நிற்கும்.

தண்ணீரைப் பாட்டிலில் பிடிப்பது எளிது. ஓட்டத்தை அளக்க, கரையில் இரண்டு குச்சி நட்டு, மிதக்கும் பொருள் ஒன்று அவற்றைக் கடக்கும் நேரத்தைப் பார்க்க வேண்டும். ஆரஞ்சு நல்லது என்றார்கள். பஸ் ஸ்டாண்டில் கிடைத்தது எலுமிச்சைதான். வெளுத்த தண்ணீரில் கண்ணுக்குத் தெரியட்டும் என்று சிவப்புப் பெயின்ட் தடவினேன். நாங்கள் கிறிஸ்தவர்கள். வீட்டில் எலுமிச்சை என்றால் ஊறுகாய்.

சில வாரங்களில் துணி துவைக்க வந்துகொண்டிருந்த பெண்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள். பாலத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர் மட்டும் கேட்டார்.

"என்னப்பு, யாருக்கு வைக்கிறீக?"

"தண்ணி அளக்குறேண்ணே."

"எலுமிச்சங்காயில தண்ணி அளக்குறத இப்பத்தான் பாக்குறேன். எனக்கு வச்சிராதீக, புள்ளகுட்டிக்காரன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் ஓடையில் இறங்காமல் ரோட்டைச் சுற்றிப் போனார்.

மறுவாரம் மரக்கட்டை கொண்டுபோனேன். அதற்குள் அக்கா ஓடையிலிருந்து வரும் வாய்க்காலை மண் போட்டு அடைத்திருந்தார். பக்கத்துக் கிணற்றிலிருந்து குடத்தில் சுமந்து செடிக்கு ஊற்றிக்கொண்டிருந்தார்.

"ஓடத் தண்ணி வேணாம் தம்பி. கல்லுமாவுன்னா எலையோட போயிரும். செஞ்சு விட்டது வேருக்குள்ள எறங்கிரும்."

"நாந்தான் போட்டேன்க்கா. ஓட்டம் பாக்க."

"நீங்கதான்னு தெரியும். யாரு சொல்லிப் போட்டீகன்னுதான் தெரியல."

சொல்லிப் பார்த்தேன். அவர் அடுத்த குடத்துக்குப் போய்விட்டார்.

ஒரு மாதம் கழித்து மனுவை விசாரிக்க அதிகாரிகள் ஜீப்பில் வந்தார்கள். இந்தத் தண்ணீரைத்தான் பாய்ச்சுகிறீர்களா என்று அக்காவைக் கேட்டார்கள். அவர் என் பக்கம் திரும்பவில்லை.

"இல்லைங்கய்யா. கெணத்துத் தண்ணி."

அது உண்மை. அப்படியே எழுதிக்கொண்டார்கள். ஓடைநீரால் பாதிப்பு இல்லை என்று மனுவை முடித்துவிட்டார்கள். என் அளவுகளை யாரும் கேட்கவில்லை.

வேலைக்காலம் முடியும்வரை நான் போய்வந்தேன். மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. என் தலை தெரிந்தால் அக்கா வரப்பிலேயே குடத்தை இறக்கிவைத்து நிற்பார். நான் பஸ் ஏறப் போன பிறகுதான் செடிப் பக்கம் வருவார்.