செல்வி ஓட்டினால் மட்டும் நின்ற வண்டி

டெல்லி கரோல் பாக்கில் நான் ஃபோர்மேனாக இருந்த ஒர்க்‌ஷாப்புக்கு செல்வி தன் டாக்ஸியை மூன்றாவது முறையாகக் கொண்டுவந்தாள். ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்ஜின் நின்றுவிடுகிறது. திரும்ப ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடுகிறது.

நாங்களும் சும்மா இருக்கவில்லை. ஸ்கேனர் போட்டோம், எரர் கோடு இல்லை. ஃபியூயல் பம்ப் பிரஷர் சரியாக இருந்தது. கிராங்க் சென்சாரை மாற்றினோம். டெஸ்ட் டிரைவ் போன மெக்கானிக்குகள் யார் கையிலும் வண்டி நிற்கவில்லை. முதலாளி மெஹ்ரா, "காடி டீக் ஹை" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். வண்டி சரியாம், ஓட்டுகிற பெண்ணுக்குத்தான் கிளட்ச் விடத் தெரியவில்லையாம்.

செல்விக்கு இந்தி நன்றாகவே புரியும். என்னிடம் வந்து சேலத்துத் தமிழில் பொரிந்து தள்ளினாள்.

"எத்தன வருசமா ஓட்டறேன், எனக்குக் கிளட்ச் தெரியாதாமா? நேத்து ஃப்ளைஓவர் மேல நின்னு போச்சுண்ணா. பின்னாடி பஸ்ஸு. சவாரி பயந்து எறங்கிப் போயிட்டாங்க. இன்னொருக்கா நின்னா வண்டிய வேற டிரைவருக்குக் குடுத்துருவேன்னு ஓனர் சொல்லிட்டாரு."

"சரி, நீயே ஓட்டும்மா. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்."

லோதி ரோடு வரை அருமையாக ஓட்டினாள். அங்கே ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறியதும் இன்ஜின் பொசுக்கென்று அணைந்தது. அவள் கால் கிளட்ச் பக்கமே போகவில்லை.

"பாத்தீங்களா!" என்று கத்தினாள். வண்டி நின்றதற்கு அவ்வளவு சந்தோஷப்பட்ட டிரைவரை நான் கண்டதில்லை.

ஓரம்கட்டி, இடம் மாறிக்கொண்டோம். எனக்கு முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. சீட்டைப் பின்னால் தள்ளினேன்.

"ம்க்கும், நீங்களுமா? உங்ககிட்ட வண்டிய விட்டு எடுக்கறப்பெல்லாம் இந்த சீட்ட முன்னாடி இழுக்கறதே எனக்கு வேலையாப் போச்சு."

என் கை லீவரிலேயே நின்றுவிட்டது. செல்வி குள்ளம். சீட்டைக் கடைசி வரை முன்னால் இழுத்தால்தான் அவளுக்குப் பெடல் எட்டும். எங்களில் யாரும் அந்த நிலையில் ஓட்டிப் பார்த்ததே இல்லை.

இறங்கி சீட்டுக்கு அடியில் டார்ச் அடித்தேன். வண்டி வாங்கிய பிற்பாடு யாரோ ஜிபிஎஸ் மாட்டியபோது ஃபியூயல் பம்ப் ஒயரை வெட்டி, முறுக்கி, டேப் சுற்றி விட்டிருந்தார்கள். சீட் முன்னால் போனால் ஒயர் இழுபடும். அப்போது ஒரு குலுக்கல் விழுந்தால் ஜாயின்ட் விட்டுப்போகும். பம்ப் நிற்கும், இன்ஜினும் நிற்கும். வண்டி உருண்டு நிற்கிற ஆட்டத்தில் மறுபடி ஒட்டிக்கொள்ளும். நாங்களோ சீட்டைத் தள்ளியே கோளாறை மறைத்துக்கொண்டிருந்தோம்.

மெஹ்ரா நம்பவில்லை. ஆறடி மனிதர். சீட்டை முன்னால் இழுத்து அவரையே உட்காரவைத்தோம். முட்டி இரண்டும் நெஞ்சில் முட்ட, தொப்பை ஹாரனை அமுக்க, தெருவைச் சுற்றி வந்தார். கேட் அருகே இருந்த பள்ளத்தில் இன்ஜின் நின்றது. ஹாரன் மட்டும் நிற்கவில்லை. தெருவே சிரித்தது. ஒருவழியாக இறங்கிவந்து, "ஸாரி பேட்டா" என்றார், மகளிடம் சொல்வதுபோல. செல்வியும் சிரித்துவிட்டாள்.

ஒயரை சால்டர் செய்து, இழுபடாத வழியில் கொண்டுபோய்க் கட்டினேன். அதற்குப் பிறகு அந்த வண்டி சர்வீசுக்கு மட்டும்தான் வந்தது.

அன்று முதல் ஒர்க்‌ஷாப்பில் ஒரு சட்டம் போட்டேன். 'ஓடும்போது நிற்கிறது' என்று எந்த வண்டி வந்தாலும், முதலில் அதை ஓட்டுகிறவரே ஓட்ட வேண்டும். நாம் பக்கத்தில் உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டு, அவர் சொல்வதைக் கேட்க வேண்டும். ஸ்கேனர் அதற்கப்புறம்தான்.