அழகம்மாவின் தொண்டை வயலின்

"இருளப்பன் அழகம்மா. பிள்ளைக்காம்பராப் பராமரிப்பாளர். அமைதியான சுபாவம். மெல்லப் பேசுபவர். மேலைத்தேய சங்கீதத்தில் பரிச்சயம் உண்டு."

கரவனெல்லைப் பக்கத்து இறப்பர்த் தோட்டமொன்றின் நலன்புரி உத்தியோகத்தர் சரவணமுத்து 1997இல் தன் கைப்பட எழுதிய குறிப்பு இது. ஒழுங்கான மனிதர். படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் அவருக்குச் சோறு இறங்காது. மற்றபடி, அழகம்மா மேட்டு லயத்து வீட்டில் தும்மினால் பள்ளத்து லயத்து வீடுகளில் "நூறு வயசு" என்பார்கள்.

மாற்றலாகிப் போன துரையின் மனைவி, தோட்டத்துப் பிள்ளைகளின் மூளை வளரட்டும் என்று, தாய்மார் வேலைக்குப் போகையில் அவர்களை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவுக்கு ஒரு டீவி, ஒரு வீடியோ டெக், வயலினும் பியானோவும் வாசிக்கும் கச்சேரிகள் பதிந்த மூன்று கெசட் ஆகியவற்றைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். நிபந்தனை ஒன்றுதான். பெட்டி பழுதானால் ஸ்டோருக்குப் போகும். அதற்கென்று போட்ட ஆயா அழகம்மா மறுபடி மரம் சீவப் பால்வெட்டுக்குப் போவாள். அவளுடைய முழங்காலோ மலை ஏறுவதை நிறுத்தி இரண்டு வருடம்.

ஐப்பசி இடி ஒன்று பெட்டியின் குரலை மட்டும் பிடுங்கிக்கொண்டு போனது. படத்துக்கு ஒரு குறையுமில்லை. அழகம்மா யாரிடமும் மூச்சு விடவில்லை. மறுநாள் முதல் வயலின் அவளேதான். திரையில் வில் மேலே போனால் குரலும் மேலே. வில் இறங்கினால் குரலும் இறங்கும். பியானோவுக்கு முப்பது பிள்ளைகள், முப்பது தகரத் தட்டு.

மார்கழியில் பரிசோதனைக்கு வந்த சரவணமுத்து, "ரோட்டு வரைக்கும் கேக்குது, நல்ல பெட்டி!" என்று மகிழ்ந்தபடி உள்ளே நுழைந்து, அப்படியே நின்றுவிட்டார்.

"அழகம்மா! உது பெட்டியில இருந்து வரேல்லையே!"

"பெட்டிக்குத் தொண்ட கட்டியிருக்குங்க ஐயா. ரெண்டு நாள்ல சரியாப் போயிரும்."

"எவ்வளவு நாளாக் கட்டியிருக்கு?"

"ரெண்டு மாசமாங்க."

அவர் பேனாவைத் திறந்தார்.  ஆனால் சரவணமுத்துவின் தங்கை யாழ்ப்பாணத்தில் வயலின் படித்தவள். பெட்டியின் பழுதை விட அவரை அரித்தது வேறொரு பிழை.

"வில்லு கீழ வந்தாப்போல சுருதி கீழ போகாது. இடக்கை விரலைப் பாரும்!"

"என்னங்க ஐயா, பள்ளத்துல எறங்குற ஆளு மேலயா போவாரு?"

"இஞ்ச பாரும், இப்பிடி" என்று அவரே ஒரு இழுப்பு இழுத்துக் காட்டினார். பிள்ளைகள் உருண்டு புரண்டார்கள். நாலு வயது நிரோஷா தீர்ப்பளித்தாள்: "ஐயா வயலின் இல்ல. ஐயா பூன."

"சரி, விடுங்க. நீங்க பியானோவுக்குப் போங்க ஐயா" என்று அழகம்மா ஒரு தட்டை நீட்டினாள்.

வாங்கிக்கொண்டார். வாங்கியது மட்டுமில்லை, தேத்தண்ணி நேரம்வரை உட்கார்ந்து தட்டினார். பிறகு வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "இசை தடையின்றி நடைபெறுகிறது" என்று அறிக்கையில் எழுதினார்.

அழகம்மா பால்வெட்டுக்குத் திரும்பவில்லை. 2004 வரை ஏழு வருடம், வேலை நாள் தவறாமல், ஊமைப் பெட்டிக்கு முன்னால் நின்று முப்பது பிள்ளைகளுக்கு வயலினை வாயால் வாசித்தாள்.