வெறும் பெட்டியும் ஒன்பதாம் நம்பர் மலையும்

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, நுவரெலியாவில் நடந்த மனிதவள மாநாட்டுக்குப் போய்வந்தேன். வேலைத்தலத்தில் ஆட்களை எப்படி நடத்துவது, எப்படித் தலைமை தாங்குவது என்று அதிகாரிகள் பேசும் கூட்டம். வட்டவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் நாற்பது வருடம் செடிகளின் கிளை கழித்துக் கவ்வாத்து வெட்டியவனுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். எழுபது வயதில், தோட்டத்து மாலை வகுப்பில் நான் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டேன். எங்கள் தோட்டத்தின் மேலாளரான பெரிய துரை மாநாட்டில் தோட்டத்தைப் பற்றிப் பேசும்போது, நான் எழுந்து இரண்டு வரி நன்றி வாசிக்க வேண்டும் என்றார். உடனே சரி என்றேன். (இந்தக் கட்டுரையை ஒரு நாளைக்கு ஒரு பத்தி என்று எழுதினேன். எனக்கு அவசரமில்லை.)

முதல் நாள் மாலை மகள் பாக்கியம் என் சட்டைக்கு இஸ்திரி போட்டாள். அவள் ஒன்பதாம் நம்பர் மலையில் கொழுந்து பறிப்பவள்.

"அப்பா, எழுதிக் குடுத்தத வாசிச்சிட்டு வந்துருங்க. அந்த இன்னொரு காயிதத்த வெளிய எடுத்துறாதீங்க. நாளைக்கும் நான்தான் அந்த மலையில நிக்கணும்."

அந்த இன்னொரு காகிதம் நான் எழுதிய முதல் கடிதம். ஒன்பதாம் நம்பர் மலையில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை என்பதே அதில் இருந்த விஷயம். எழுதி நான்கு மாதமாகியும் யாரிடமும் கொடுக்கவில்லை.

வட்டவளையில் காலை ஐந்தே காலுக்கு பஸ் ஏறினால் ஆறுக்குள் ஹட்டன். அங்கிருந்து நுவரெலியா ஏறக்குறைய நாற்பத்தைந்து கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். டிக்கெட் இருநூற்று நாற்பது ரூபாய். இடது பக்க ஜன்னலைப் பிடியுங்கள், தலவாக்கலைக்கு முன்னால் இரண்டு அருவிகள் தெரியும். நான் அருவியைவிடக் கடைப் பலகைகளைத்தான் பார்த்தேன். ஒன்றையும் விடாமல் வாசித்தேன்.

கண்டக்டர் சிங்களப் பையன், தமிழ் நன்றாகப் பேசினான், தாத்தா என்பதை மட்டும் சிங்களத்தில் சொன்னான்.

"சீயா, கோட்டெல்லாம் போட்டு எங்க? பொண்ணு பாக்கவா?"

"மாநாட்டுக்குப்பா. ஆளுங்ககிட்ட எப்படி வேல வாங்குறதுன்னு பேசப் போறாங்க."

"அப்ப எங்க டிரைவரையும் கூட்டிட்டுப் போங்க. ஹோர்ன் அடிச்சே என்கிட்ட வேல வாங்குறாரு."

பஸ் நிலையத்திலிருந்து மாநாடு நடந்த ஹோட்டலுக்கு ஆட்டோவுக்கு முந்நூறு ரூபாய் கொடுத்தேன். நடந்தால் பதினைந்து நிமிடம்தான். நீங்கள் நடந்தே போங்கள்.

ஆங்கிலப் பேச்சுகளை யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் எங்களுக்குத் தமிழில் சொன்னார். பதினொரு மணிக்கு எங்கள் துரை பேசினார். இளவயது, நல்ல மனிதர். திரையில் ஒரு நீலப் பெட்டியைக் காட்டினார். அலுவலகத்துக்கு வெளியே அவர் வைத்த குறைப் பெட்டி. ஒரு வருடமாக ஒரு கடிதம்கூட விழவில்லை, எங்கள் வேலைக் கலாசாரத்துக்கு அதுவே சாட்சி என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு என்னை அழைத்தார்.

நன்றியை வாசித்தேன். வாசித்த பிறகு உட்கார முடியவில்லை. பாக்கியம் சொன்னதும் நினைவில் இருந்தது. அந்தக் கைதட்டலோடு விட்டால் பெட்டி இன்னும் பத்து வருடம் காலியாகவே கிடக்கும் என்றும் தோன்றியது.

"பெட்டி ஏன் காலின்னு எனக்குத் தெரியும்ங்க" என்றேன். "அது கிளாக்கர் ஐயா ஜன்னலுக்குக் கீழ இருக்கு. நான் ஒரு காயிதம் எழுதி எடுத்துட்டுப் போனேன். 'என்ன தாத்தா?'ன்னு அவரு எட்டிப் பாத்தாரு. 'ஒண்ணுமில்லீங்க, பெட்டிக்குப் பெயின்ட் நல்லா அடிச்சிருக்கு'ன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

மண்டபமே சிரித்தது. துரை சிரிக்கவில்லை.

"தாத்தா, அந்தக் காயிதம் இப்ப எங்க?"

எடுத்தேன். மடிப்பை மெதுவாகப் பிரித்தேன். யாழ்ப்பாணத்து அம்மா மைக்கைச் சரிசெய்தார். "ஐயா, ஆறுதலா வாசியுங்கோ. ஒருத்தருக்கும் அவசரமில்லை."

வாசித்தேன்: "ஒன்பதாம் நம்பர் மலையில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. அதனால் அவர்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை."

இந்த முறை யாரும் கைதட்டவில்லை. துரை அந்தக் காகிதத்தை வாங்கிக்கொண்டார். "நாளைக்கு நானே அங்க போறேன். நீங்களும் வரணும்" என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் பாக்கியம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "நல்லாச் சொன்னீங்க. இனி எல்லாரும் என்னையத்தான் மொறச்சுப் பாப்பாங்க."

மறுநாள் ஒன்பதாம் நம்பருக்கு ஏறினோம். நாற்பது நிமிட ஏற்றம். என் முழங்காலுக்கு ஒரு மணி நேரம். பதினொரு பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். "ஏதாவது கொறை இருக்கா?" என்று துரை கேட்டார்.

"ஒண்ணுமில்லீங்க தொரை" என்றார்கள் எல்லோரும்.

என்னைப் பொய்யனாக்கிவிட்டார்களே! அப்போது பாக்கியம் தன் பையிலிருந்து தண்ணீர்ப் போத்தலை எடுத்துத் துரையின் காலடியில் வைத்தாள்.

"தூக்கிப் பாருங்க தொரை. காலையில அஞ்சரைக்கு நெரப்புனது."

மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கொண்டுவந்து வைத்தார்கள். மணி பத்தரை. பதினொரு போத்தலும் கழுத்து வரை தண்ணீரோடு இருந்தன. துரை எல்லாவற்றையும் தூக்கிப் பார்த்தார். பிறகு வேறொரு கேள்வி கேட்டார்.

"எந்த எடத்துல கட்டணும்?"

அவ்வளவுதான். "அந்தப் பக்கம் வேணாம், ஆம்பளைங்க போற பாத!" "பள்ளத்துல கட்டுனா மழைக்கு மெதந்துரும் தொரை!" என்று ஆளுக்கொரு யோசனை. சிரிப்பு வேறு. மாநாட்டில் சொல்லிக்கொடுப்பது இதுதான் என்று நினைக்கிறேன். குறை இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்பார்கள். எங்கே கட்டலாம் என்று கேட்டால் வாய் திறப்பார்கள்.

போகிறவர்களுக்கு: ஸ்வெட்டர் கட்டாயம். திரும்பும்போது மூன்று மணி பஸ்ஸைப் பிடித்தால் வெளிச்சத்தில் வீடு சேரலாம். நீங்கள் அதிகாரி என்றால், திரும்பிவந்ததும் உங்கள் ஆட்கள் வேலை செய்யும் கடைசி இடம் வரை ஒரு முறை நடந்து பாருங்கள்.

இப்போது சுவர் எழும்பிவிட்டது. கதவுக்குத் தாழ்ப்பாளை வெளிப்பக்கம் மட்டும் போட்டுவிட்டார்கள். அதற்கு யாரும் கடிதம் எழுதவில்லை. திங்கட்கிழமை காலை, எல்லோரும் வரிசையில் நிற்கும் பெரட்டுக் களத்தில், பாக்கியம் துரையை நிறுத்தி நேரில் சொன்னாள்.